புள்ளிராஜாவைக் குழம்பு வைத்தோம்

அந்தச் சேவலைச் சாப்பிட்டு வருகிற நவம்பரோடு மூன்று வருஷம் ஆகிறது. குழம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழு மாதச் சேவல் என்பதால் குக்கரில் ரெண்டு விசில் கூடுதலாக விட வேண்டியிருந்தது, மற்றபடி மிளகு, சின்ன வெங்காயம், கொஞ்சம் தேங்காய் என்று எங்கள் ஊர்ப் பக்குவத்திலேயே வந்திருந்தது. வீட்டில் நாலு பேரும் ரெண்டு வேளை சாப்பிட்டோம், மறுநாள் மிச்சக் குழம்போடு தோசையும் ஆயிற்று. நாலு மாதம் கழித்து ஒரு கிராமத்து மண்டபத்தில் ஒரு பெரியவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்றிலிருந்து அந்தக் குழம்பு எனக்குச் செரிக்கவில்லை.

நான் இருப்பது இங்கிலாந்தின் மேற்கு ஓரம், ஷ்ராப்ஷைர். வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு தோட்டம், அதன் கோடியில் மூன்று கூண்டு, சுற்றிக் கம்பிவலை, மழை பெய்தால் சேறு, மழை எப்போதும் பெய்யும். வளர்ப்பது மரான்ஸ் கோழி, அதிலும் காப்பர் பிளாக் என்கிற வகை. உடம்பு முழுக்கக் கருப்பு, வெயிலில் பச்சை மினுங்கும் கருப்பு. கழுத்தில் மட்டும் செம்பை உருக்கி ஊற்றினாற்போல இறகு. சேவலுக்கு அந்தச் செம்பு முதுகின் பின்பக்கமும் வழியும். பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். ஆனால் ஆட்கள் இந்தக் கோழியைத் தேடிப் போவது அழகுக்காக இல்லை, முட்டைக்காக. கருப்பட்டி நிறத்தில் முட்டை. நல்ல வம்சமாக அமைந்தால் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கே வந்துவிடும்.

முதல் முட்டையைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பியபோது உடனே போன் வந்தது. "ஏன்டா தம்பி, டிகாக்‌ஷன்ல முக்கி வெச்சிருக்கியா?" அம்மா கேட்டதில் தப்பில்லை. வெள்ளை முட்டையைத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு நாட்டுக்கோழி முட்டை என்று விற்ற கதையெல்லாம் கேட்டவள். பழுப்பாக இருந்தால் நாட்டுக்கோழி முட்டை என்று நாம் நம்பப்போய்த்தான் அந்த வியாபாரமே நடக்கிறது. நம்மூர்ச் சிறுவிடைக் கோழி இடுவதோ சின்னதாக, வெள்ளையில் ஒரு சொட்டு டீ விழுந்த மாதிரி வெளிர் நிறத்தில். இங்கே கடைக்குப் போனால் பெரும்பாலும் பழுப்பு முட்டைதான், அத்தனையும் பண்ணைக் கோழி இட்டது. ஓட்டின் நிறத்துக்கும் உள்ளே இருக்கும் சத்துக்கும் சம்பந்தமில்லை. இதைச் சொன்னால் அடுத்த கேள்வி, "அப்போ கடக்நாத்தா?" கடக்நாத்துக்குத் தோல் கருப்பு, கறி கருப்பு, எலும்புகூடக் கருப்பு; முட்டை மட்டும் சாதாரண வெளிர் பழுப்பு. கருப்பு முட்டை என்று யாராவது உங்களிடம் கடக்நாத் முட்டையை விற்றால் அதைக் கழுவிப் பாருங்கள்.

மரான்ஸ் என்பது ஊர்ப் பெயர். பிரான்சின் மேற்குக் கடலோரம், லா ரோஷெல் பக்கத்தில் சதுப்பு நிலத்தை ஒட்டிய துறைமுக ஊர். அங்கே வந்துபோன கப்பல்களில் சண்டைச்சேவல் வைத்திருந்தார்கள், அவை கரையிறங்கி ஊர்க்கோழியோடு கலந்தன, அப்புறம் 1872ல் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த லாங்ஷான் என்ற கோழியின் ரத்தமும் சேர்ந்தது என்பது வரலாறு. காலின் வெளிப்பக்கம் கொஞ்சம் இறகு ஒட்டிக்கொண்டிருப்பது அந்த லாங்ஷானின் மிச்சம். (இங்கிலாந்துக்காரர்கள் வளர்த்துப் பரப்பிய பழைய வகைக்குக் கால் மொட்டை. எது அசல் என்ற சண்டையில் நான் இறங்குவதில்லை.) எனக்குப் பிடித்த விஷயம் வேறு. நெடுங்காலம் அந்த ஊர்க் கோழிகள் கருப்பு, வெள்ளை, சாம்பல், சிவப்பு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல்தான் திரிந்தன. ஒன்றுபோல இருந்தது முட்டை மட்டும். கோழியையும் ஒன்றுபோல ஆக்க வேண்டும் என்று ஆட்கள் உட்கார்ந்ததெல்லாம் 1920களிலிருந்துதான். நான் அதை நேர்மாறாகச் செய்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

கடைசியில் அடிக்கிற பெயின்ட்

முட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோழி கொக்கரித்துக்கொண்டு பெட்டியைவிட்டு இறங்கின உடனே போய் எடுத்தால் முட்டை வெதுவெதுப்பாக, லேசான ஈரத்தோடு இருக்கும். அந்த நேரத்தில் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் நிறம் விரலோடு வரும். கோழி எழும்போது நகம் பட்டிருந்தால் அந்த இடத்தில் வெளிறிய கோடு விழுந்திருக்கும், ரெண்டு நிமிஷத்தில் காய்ந்து அப்படியே நின்றுவிடும். உடைத்து உள்பக்கம் பார்த்தால் ஓடு வெள்ளை. ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. கருப்பட்டி நிறத்தின் பெரும்பங்கு அதில் கடைசிச் சில மணி நேரத்தில் மேலே பூசப்படுகிறது. புரோட்டோபார்ஃபிரின் என்று அந்த நிறமிக்குப் பெயர், ரத்தத்தைச் சிவப்பாக்குகிற ஹீம் உண்டாவதற்கு முந்தைய படி. நீல முட்டை இடும் கோழிகளுக்கு இப்படியில்லை, ஓடு உள்ளும் புறமும் நீலம்தான், அதற்குக் காரணம் ஒற்றை மரபணு. பழுப்புக்குப் பல மரபணுக்கள் கூடி வேலை செய்கின்றன. அதனால்தான் பிடிபடாமல் நழுவுகிறது.

பெயின்ட் என்பதால் டப்பா காலியாகும். வெடக்கோழி முதன்முதலில் இடும் முட்டைகள்தான் அடர்த்தி. இட இட வெளிறும். முட்டையும் பெரிதாகும், அதே பெயின்டை அகலமான சுவரில் அடித்த கதை. கோடையில் பார்த்தால் டிசம்பரில் இட்ட அதே கோழியா என்று சந்தேகம் வரும். இலையுதிர் காலத்தில் இறகு உதிர்த்து, ரெண்டு மூன்று மாதம் ஓய்வெடுத்துத் திரும்ப இட ஆரம்பிக்கும்போது நிறம் மீண்டு வரும், ஆனால் முதல் வருஷத்து அளவுக்கு வராது. ஆக, ஒரு கோழியின் மே மாத முட்டையை இன்னொன்றின் பிப்ரவரி முட்டையோடு ஒப்பிட்டால் அது பஞ்சாயத்தே இல்லை. இணையத்தில் அடைமுட்டை விற்பவர்கள் போடும் படங்கள் எல்லாம் பிப்ரவரி முட்டைகள். அதிலும் சிலர் முட்டையை நனைத்து, ஜன்னலை மூடி, மங்கின வெளிச்சத்தில் எடுத்திருப்பார்கள். 2020 ஏப்ரலில், ஊரடங்கில் வேறு வேலையில்லாமல், அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் நான் ஒரு டஜன் முட்டையைத் தபாலில் வரவழைத்தேன். பொரிந்தது ஐந்து, அதில் மூன்று சேவல். மிஞ்சிய ரெண்டு பெட்டையும் இட்டது பிஸ்கட் நிறத்தில்.

இந்த நிறத்துக்கு ஓர் அட்டவணை உண்டு, 1 முதல் 9 வரை. பிரெஞ்சுக்காரர்கள் கணக்கில் 4க்குக் கீழே போனால் அது மரான்ஸ் முட்டையே இல்லை. என் பிஸ்கட் 3. மறுவருஷம் வேறொருவரிடம் ஒரு சேவலும் ரெண்டு பெட்டையும் நல்ல வம்சம் என்று நேரில் பார்த்து வாங்கினேன். அதில் ஒருத்தி காலில் ஏழாம் எண் வளையம் போட்டவள், உருண்டையான முட்டை இடுவாள், அகன்ற முனையில் அம்மைத் தழும்புபோலக் கரும்புள்ளிகள். அவள் முட்டை 7. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே அவளுடையது என்று சொல்லிவிடுவேன். இன்னொருத்தி நாலாம் நம்பர், செம்புக் கழுத்து அவ்வளவு சுத்தமாக நான் எந்தக் கோழியிடமும் பார்த்ததில்லை, முட்டைதான் 4ஐத் தாண்டாது.

எல்லாம் ஒரே மாதிரி

எங்கள் அப்பத்தா கோழி வளர்த்தபோது ரெண்டு கோழி ஒரே மாதிரி இருந்ததில்லை. இருந்தால் சண்டை வந்திருக்கும். பகலெல்லாம் தெருவில் மேய்கிற கோழியை அந்தியில் எது யாருடையது என்று நிறத்தை வைத்துத்தானே பிரிக்க வேண்டும். செவலை, கருப்பி, சாம்பல், கழுத்தறுத்தான் என்று அடையாளமே பெயராக இருக்கும். "எங்க செவலை உங்க பஞ்சாரத்துல கெடக்குதா பாரு" என்று ஒரு குரல் வந்தால் எந்தச் செவலை என்று யாரும் கேட்க மாட்டார்கள். சேவலைப் பற்றி அப்பத்தா யோசித்ததே கிடையாது, தெருவில் எது சுற்றுகிறதோ அதுதான் மாப்பிள்ளை. அடை வைக்கும்போதுதான் அத்தனை சிரத்தையும்: முட்டையைக் காதருகே ஆட்டிப் பார்த்து, ஒற்றைப்படையாக எண்ணி, இடிக்கு முட்டை கலங்காமல் இருக்க ஓர் இரும்புத்துண்டு, ஒரு கரி, ரெண்டு வரமிளகாய் கூடைக்குள் போட்டு வைப்பார். எந்த நிறத்தில் குஞ்சு பொரிந்தாலும் சந்தோஷம்தான்.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தாற்போல நிற்க வேண்டும்: நெஞ்சில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லாமல், வாலில் ஒரு வெள்ளை இறகு இல்லாமல், கொண்டையின் பக்கவாட்டில் முள் முளைக்காமல், கழுத்துச் செம்பு வைக்கோல் நிறத்துக்கு வெளிறாமல். ஏன் என்று கேட்டால் நேரான பதில் இல்லை. முதல் காரணம் அகம்பாவம், அதை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இன்னொன்று, பொரிகிற குஞ்செல்லாம் ஒரே மாதிரி வந்தால்தான் ஏதோ ஒன்று நம் கைக்குப் பிடிபட்டிருக்கிறது, மற்றதெல்லாம் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஓர் எண்ணம். ஆனால் ஒரே மாதிரி ஆக ஆக எனக்கே யார் யாரென்று தெரியாமல் போய், காலில் வளையத்தைக் குனிந்து பார்த்துப் பேச வேண்டியதாயிற்று. அப்பத்தா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். அவருடைய கோழி பழைய சோறு தின்றது. இங்கே சமையலறையைத் தாண்டி வந்த எதையும் கோழிக்குப் போடுவது சட்டப்படி குற்றம், 2024 அக்டோபரிலிருந்து ஒரே ஒரு கோழி வைத்திருந்தால்கூட அரசிடம் பதிந்தாக வேண்டும். இதையெல்லாம் அவரிடம் எந்தத் தமிழில் சொல்வது என்று தெரியவில்லை.

2022 மார்ச் கடைசியில் 24 முட்டை இன்குபேட்டரில் வைத்தேன். ஒவ்வொன்றிலும் பென்சிலால் தாயின் எண். அடர்ந்த முட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தாலும் உள்ளே ஒன்றும் தெரியாது, கருப்பட்டி உருண்டைக்குள் வெளிச்சம் அடிப்பதுபோலத்தான், அதனால் ஏழாம் நம்பர் முட்டைகளை 21 நாளும் நம்பிக்கையின் பேரில் ஓட்டினேன். பொரிந்தது 17. பொரிந்த அன்றே கால் விரலிடைச் சவ்வில் தாய்வாரியாகச் சின்ன ஓட்டை போட்டுவிட்டேன், ஏழாம் நம்பர் பிள்ளைகளுக்கு வலது காலின் உள்விரலிடுக்கில். அவளுக்கு மூன்று சேவல், மூன்று பெட்டை. ஜூனில் ஒரு ராத்திரி, கதவின் கொண்டியை நான் சரியாகப் போடாமல் விட்டதில், நரி வந்து இவற்றின் அப்பனையும் ஏழாம் நம்பரையும் கொண்டுபோனது. காலையில் வேலி ஓரம் செம்பு இறகு மட்டும் ஒரு கைப்பிடி கிடந்தது.

செப்டம்பரில் சேவல்கள் நிறம் கட்டின. நாலாம் நம்பரின் மகன் ஒருவன் வந்தான் பாருங்கள், ஜமீன் என்று பெயர் வைத்தோம். டெல்ஃபோர்டில் நடக்கும் தேசியக் கோழிக் கண்காட்சிக் கூண்டுக்குள் அப்படியே தூக்கி வைக்கலாம். ஏழாம் நம்பரின் மகன்களில் பெரியவனுக்கு நெஞ்சு நிறைய சிவப்புத் தெறிப்பு, ஓடை மீனுக்கு இருக்குமே அந்த மாதிரி. ஒரு காலில் இறகு சரியாக இல்லை. என் மனைவி அவனுக்குப் புள்ளிராஜா என்று பெயர் வைத்தாள், அந்த எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தோடு வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தம்பிகள் ரெண்டு பேரும் அவனைவிட மோசம்.

அந்தச் சமயத்தில்தான் பெரியவர் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற விவசாயி, நாற்பது வருஷமாக மரான்ஸ் வைத்திருப்பவர், அதிகம் பேச மாட்டார். ஜமீனைப் பார்த்து நல்ல சேவல் என்றார். புள்ளிராஜாவையும் தம்பிகளையும் கழிக்கப்போகிறேன் என்றேன். "அக்கா தங்கச்சிகள் இட ஆரம்பிக்கட்டுமே, அப்புறம் முடிவு பண்ணு. சேவல் இட்ட முட்டையை யாரும் பார்த்ததில்லை" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டியது மரியாதைக்கு. அவர் சொன்னது எனக்கு ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது.

நவம்பர் 7 முதல் பறவைக் காய்ச்சலுக்காக இங்கிலாந்து முழுக்கக் கோழிகளை உள்ளேயே அடைத்து வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எனக்கு இருந்தது மூன்று கூண்டு. ஒன்பது சேவல்களை எங்கே அடைப்பது, ஒன்றையொன்று கொண்டையைக் கிழித்துக்கொள்ளும். ரெண்டை வைத்துக்கொண்டு ஏழைக் கழித்தேன். கழிப்பது எது என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மோசமான நெஞ்சு முதலில். புள்ளிராஜா அன்று மதியமே குழம்பு, மற்றவர்கள் ஃப்ரீசரில்.

மண்டபத்தில்

ஏழாம் நம்பரின் மூன்று மகள்களும் ஜனவரி கடைசியில் இட ஆரம்பித்தார்கள். குளிர்காலத்துக் குறுகின பகல், அதனால் தாமதம். முதல் முட்டையைப் பெட்டிக்குள் பார்த்தபோது அங்கே முட்டை இருப்பதே எனக்குத் தெரியவில்லை, வைக்கோலுக்குள் ஒரு நிழல் என்று நினைத்துக் கையை விட்டுத் துழாவினேன். ஜன்னலருகே கொண்டுவந்து அட்டவணையை வைத்துப் பார்த்தால் 8. ஒன்றில் லேசான ஊதா மினுக்கம்கூட இருந்தது. ரெண்டாவது மகள் 8, மூன்றாவது 7க்கும் 8க்கும் நடுவில். வலது கால் உள்விரலிடுக்கு, மூன்று பேருக்கும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது சந்தோஷத்தில். அதில் வேறு கணக்கும் ஒன்று இருக்கிறது என்பது அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை.

மார்ச்சில் பக்கத்து ஊர் மண்டபத்தில் முட்டைப் போட்டி. அந்த வருஷம் கோழிகளை ஓரிடத்தில் கூட்டத் தடை, முட்டைகளைக் கூட்டத் தடையில்லை. ஒரு தட்டில் மூன்று முட்டை வைக்க வேண்டும். நடுவர் அளவு, வடிவம், ஓட்டின் வழுவழுப்பு, நிறம், மூன்றும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பார்; ஒன்றை உடைத்து ஊற்றி மஞ்சள் கரு எப்படி நிமிர்ந்து நிற்கிறது என்று பார்க்கிற பிரிவும் உண்டு. நான் மூன்று சகோதரிகளின் முட்டை ஒவ்வொன்று கொண்டுபோயிருந்தேன். தட்டைச் சுற்றிக் கூட்டம். ஒரு சிறுவன் இது சாக்லேட்டா என்று அம்மாவிடம் கேட்டான். முதல் பரிசு என் தட்டுக்குத்தான் என்று மண்டபத்துக்கே தெரியும் என்கிற தோரணையில் நான் கையில் டீயோடு ஓரமாக நின்றேன். முதல் பரிசு பக்கத்துத் தட்டுக்குப் போனது. 5ஆம் எண் நிறம், அதற்கு மேல் இல்லை, ஆனால் மூன்றும் ஒரே முட்டையை மூன்று முறை வைத்தாற்போல. ஒரே கோழி அடுத்தடுத்த நாட்களில் இட்டவை. என் மூன்றில் ஒன்று குண்டு, ஒன்று நீளவாட்டம், ஒன்று கொஞ்சம் சின்னது. ரெண்டாம் பரிசு.

பெரியவர் என் தட்டருகே வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். தொடவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார், நான் பரிசு போன வருத்தத்தை ஆரம்பிக்கப் போனேன், அவர் காதில் அது விழவே இல்லை. நிமிர்ந்து கேட்டார்: "இவர்களோடு பிறந்த சேவல்கள் எங்கே?"

நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்திலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "சாப்பிட்டுவிட்டோம்" என்றேன். "மூன்றையுமா?" என்றார். ஃப்ரீசரில் ஒன்று இருந்தது, அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. அவர் தலையை ஆட்டினார், திட்டவில்லை, தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கேக் விற்கும் மேசைப் பக்கம் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

விஷயம் இவ்வளவுதான், யோசித்தால் பள்ளிப்பிள்ளைக்குக்கூடப் புரியும். முட்டை ஓடு தாயின் வேலை. உள்ளே வளரும் குஞ்சுக்கும் அந்தப் பூச்சுக்கும் சம்பந்தமில்லை, அந்த முட்டைக்குக் கரு கொடுத்த சேவலுக்கும் சம்பந்தமில்லை. சேவலிடம் பாதி மரபு இருக்கிறது, ஆனால் அதைக் காட்ட அவனிடம் ஓர் உறுப்பும் இல்லை. அவன் மகள்கள் பிறந்து, வளர்ந்து, முட்டை இட்டால்தான் அவன் யாரென்று தெரியும், அதற்கு ஒன்றரை வருஷம் ஆகும். அதற்கு முன்னால் கிடைக்கக்கூடிய நல்ல துப்பு உடன்பிறந்த பெட்டைகள் இடும் முட்டை. அதற்கும் ஏழெட்டு மாதம் பொறுக்க வேண்டும். நெஞ்சுப் புள்ளியோ ஐந்தாம் மாதமே கண்ணில் குத்துகிறது. நான் கண்ணில் பட்டதை வைத்து வெட்டினேன். அப்பனும் போய்விட்டான், தாயும் போய்விட்டாள், அந்த நிறம் மிஞ்சியிருந்த ஆண்கள் மூன்று பேர், மூன்று பேரையும் மிளகு போட்டு இறக்கியாயிற்று.

நெஞ்சுப் புள்ளி ஒரு தலைமுறையிலோ ரெண்டிலோ போய்விடும் விஷயம் என்று பெரியவர் பின்னால் சொன்னார். கருப்பு சற்றுத் தூக்கலான பெட்டைகளோடு சேர்த்து, பொரிவதில் சுத்த நெஞ்சுக்காரர்களாகப் பொறுக்கிக்கொண்டே போனால் அடங்கும், கண்ணுக்குத் தெரிகிற குறையைத் திருத்துவதில் என்ன கஷ்டம் என்றார். உண்மைதான். நான் அதிகம் பயந்தது எதற்கோ அதுதான் இருந்ததிலேயே சுலபமான வேலை.

அப்போதும் எனக்கு ஒரு நப்பாசை. ஜமீனும் அதே அப்பனுக்குப் பிறந்தவன்தானே, அப்பன் வழியாக ஏதாவது அவனிடம் இருக்காதா. 2023 வசந்தத்தில் அவனை மூன்று சகோதரிகளோடு விட்டேன். பொரிந்த குஞ்சுகள் அச்சு அசல், வரிசையாக நிறுத்திப் படமெடுத்தால் ஒரே கோழியை நகல் எடுத்தமாதிரி, நான் நாலு வருஷமாகக் கனவு கண்ட அதே படம். அடுத்த பிப்ரவரியில் மகள்கள் இட்டார்கள். 5, 4, 5, 4, ஒருத்தி மட்டும் 6. பதினோரு பெட்டை, எல்லாம் ஒரே மாதிரி நின்றுகொண்டு பிஸ்கட்டுக்கு ஒரு படி மேலே இட்டுக்கொண்டிருந்தார்கள். தேடி வந்து வாங்கினவர்கள் கோழியைப் பார்த்து அசந்துபோய்க் காசு கொடுத்தார்கள். முட்டையைப் பற்றி நானாக வாயைத் திறக்கவில்லை. கேட்டவர்களிடம் உள்ளதைச் சொன்னேன், கேட்டவர்கள் குறைவு.

மூன்று சகோதரிகளில் ரெண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். வயதாகிவிட்டது, வாரத்துக்கு ரெண்டு முட்டை வந்தால் பெரிது, ஆனால் ஓய்வுக்குப் பிறகு இடும் முதல் முட்டை இப்போதும் 6க்குக் குறையாது. இந்த வருஷம் ஆரம்பத்தில், அந்த 6 இட்டவளோடு பிறந்தவன் ஒருவனை, அதாவது மூத்தவளின் மகனை, இளையவளோடு சேர்த்தேன். மனிதர்களில் சித்தியைக் கட்டிவைத்தேன் என்று சொன்னால் ஊர் என்னைச் சும்மா விடாது. கோழியில் இதுதான் வழி, சிதறிப்போனதைத் திரும்பக் கூட்ட வேண்டுமென்றால் உறவுக்குள்தான் தேட வேண்டும். ரொம்ப நெருங்கினால் கரு கூடாமல் போகும், குஞ்சு சோனியாகும், அந்தப் பயமும் இருக்கிறது. 11 முட்டை வைத்தேன். பொரிந்தது ஆறு: நாலு பெட்டை, ரெண்டு சேவல்.

சேவலில் ஒருவனுக்கு ஆகஸ்டில் நெஞ்சில் முதல் புள்ளி தெரிந்தது. இப்போது நெஞ்சு முழுக்கத் தெறித்துவிட்டது, ஒரு காலில் இறகும் சரியில்லை. அப்படியே தாய்மாமன் ஜாடை. மனைவி பார்த்துவிட்டு, "திரும்பி வந்துட்டான்" என்றாள். அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "நல்லா கறி பிடிச்சிருக்கான்டா, தீபாவளிக்கு ஆகும்" என்றாள். இல்லைம்மா, இவன் இருக்கட்டும் என்றேன். எதுக்கு என்று கேட்டாள். இவன் தங்கச்சிகள் முட்டை வைக்கணும் என்றேன். அம்மாவுக்கு அது பதிலாகப் படவில்லை, அடுத்த தெருக் கல்யாணத்துக்குப் பேச்சு போய்விட்டது.

காலை அஞ்சரைக்கே கூவுகிறான். பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு முறை நாசூக்காகச் சொல்லிவிட்டார், மூன்றாவது முறை நாசூக்கு இருக்காது. கூண்டுக்குள் கருப்புத் துணி கட்டியிருக்கிறேன், கொஞ்சம் தாமதமாகக் கூவுகிறான். தங்கைகள் நாலு பேருக்கும் கொண்டை சிவந்துவிட்டது. மூன்றாவது வளையக்காரி நாலு நாளாக முட்டைப் பெட்டிக்குள் போய் உட்கார்கிறாள், வைக்கோலை அலகால் எடுத்து முதுகில் போட்டுக்கொள்கிறாள், இருபது நிமிஷம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல இறங்கி வருகிறாள். இன்றைக்கும் கையை விட்டுப் பார்த்தேன். சூடு மட்டும் இருந்தது.